செல்லம்மாள் வீட்டுக்கு நீங்கள் போகவில்லை

என் பிரியமான டாக்டருக்கு,

நீங்கள் காலமாகி ஒரு வருடம் ஆகிறது. போன செவ்வாய்க்கிழமை, குறுவை அறுவடை முடிந்த கையோடு, திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து செல்லம்மாள் வந்தாள். உங்கள் நுரையீரல் புற்றுநோய் மருந்தாய்வில் சேர்ந்து, பிறகு இறந்துபோன காளிமுத்துவின் மனைவி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டாக்டரம்மா, எங்க வீட்டுக்காரருக்குக் குடுத்தது புது மருந்தா, பழைய மருந்தா? டாக்டர் வீட்டுக்கே வந்து சொல்றேன்னாங்க. வரலையே?"

யாருக்கு எந்த மருந்து என்பது ஆய்வு முடியும்வரை உங்களுக்கே தெரியாது. தெரிந்ததும் வீடு வீடாக நீங்களே போய்ச் சொல்வீர்கள். நோயாளி இறந்துபோன வீட்டுக்கும்கூட. சம்மதப் படிவத்தில் நீங்கள் எழுதிய "சமவாய்ப்பு ஒதுக்கீடு" என்பதை அடித்துவிட்டு, "யாருக்கு எந்த மருந்து என்று டாக்டர் தேர்ந்தெடுக்க மாட்டார்" என்று நான் எழுதினேன். "கான்வென்ட் டீச்சர், நான் எழுதினது பாஸா ஃபெயிலா?" என்று சிரித்தீர்கள். ஃபெயில்தான்.

உங்கள் மனைவி என்பதால் மட்டும் பதில் சொல்லும் உரிமை எனக்கு வந்துவிடாது. இப்போது உங்கள் இடத்தில் ஆய்வுகளை நடத்தும் உங்கள் மாணவி நஸ்ரீனை அழைத்தேன்.

"போன்ல சொல்லிடலாமா ஆன்ட்டி?"

"காரை எடு."

வியாழக்கிழமை செல்லம்மாள் வீட்டில் நஸ்ரீன் மெதுவாகச் சொன்னாள்: "பழைய மருந்துதாம்மா. புது மருந்தும் எல்லாரையும் காப்பாத்தல."

"அவரு புது மருந்து, புது மருந்துன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டாரே!" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "இதச் சொல்லப் பயந்துதான் டாக்டர் வரலையா?"

"சாருக்கு உடம்பு..." என்று ஆரம்பித்த நஸ்ரீனின் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஆய்வு முடிவு வந்தபின் மூன்று மாதம் நீங்கள் நன்றாகத்தான் இருந்தீர்கள். மற்ற எல்லா வீட்டுக்கும் போனீர்கள். வார்டில் உங்களைக் கண்டதும் "கங்காணி வந்துட்டாரு, இருமலே, நேரா நில்லு" என்று கேலி செய்து உங்களைச் சிரிக்கவைத்த காளிமுத்து வீட்டுக்கு மட்டும் போகவில்லை.

"ஆமாம் செல்லம்மா. பயந்துட்டாங்க."

உங்களைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்ததே இல்லை.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நானும் கேக்கப் பயந்துதாம்மா இத்தன நாளு வரல. உக்காருங்க, டீ போடறேன்."

நீங்கள் பயந்ததில் எனக்குக் கோபமில்லை. என்னையாவது கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே? ஏன் கேட்கவில்லை?

அடுத்த ஆய்வு தொடங்கிவிட்டது. அதன் முடிவு வரும்போது நஸ்ரீனோடு நானும் போவேன். வீட்டார் கூப்பிட்டால் உள்ளே. இல்லையென்றால் காரிலேயே இருப்பேன். ஒரு வீட்டைக்கூட அவள் தனியாகப் பயந்து தள்ளிப்போட விடமாட்டேன்.

உங்கள் மனைவி,
விசாலாட்சி