திங்கட்கிழமைகளில் வருகிறவர்

கோவளம்,
10-6-2024, திங்கள்

அன்புள்ள ரெஜினாவுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. போனில் பேசினால் மூன்றாவது நிமிஷமே நாம் இரண்டு பேரும் கத்த ஆரம்பித்துவிடுகிறோம், இனிமேல் எழுதிக்கொள்ளலாம் என்கிறாய். நல்ல யோசனைதான். உன் அண்ணன் உயிரோடு இருந்தவரை எங்களிடம் ஒரு வார்த்தை பேசாதவள், அவர் போய் ஒரு வருஷம் கழித்து என்னை 'அன்புள்ள அண்ணி' என்று எழுதியிருக்கிறாய். இரண்டு தடவை படித்தேன். ஒரு தடவை கோபத்தில், ஒரு தடவை சந்தோஷத்தில்.

தனியாக இருக்க வேண்டாம், வீட்டைக் காலி செய்துவிட்டு செங்கல்பட்டுக்கே வந்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். வரமாட்டேன். காரணத்தைச் சொன்னால் சிரிப்பாய். சிரித்துவிட்டுப் போ, சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் திங்கட்கிழமை என்றால் ஒரே கூத்து. எனக்குச் சோமவார விரதம். தலைக்குக் குளித்து விளக்கேற்றினால் சாயங்காலம் வரை பாலும் பழமும்தான். உன் அண்ணனுக்கோ எலும்பு சூப் குடித்தால்தான் வாரமே தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை வாங்கிய நெஞ்செலும்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவார். தகரக் கூரைக்குக் கீழே அவருக்கென்று ஓர் ஒற்றை அடுப்பு. எங்கள் பூனைகள் மூன்றும் அதன் முன்னால் வரிசையாக உட்காரும். சுந்தரி, பிஸ்கட், மேனேஜர். மேனேஜர் தொப்பை விழுந்த கடுவன். மாமல்லபுரத்தில் அவர் ஏ.சி. மெக்கானிக்காக இருந்த ஹோட்டலில் மேனேஜர் அந்த ஜாடையாம், அதனால் அந்தப் பெயர். உன் அண்ணன் டம்ளரோடு வாசற்படி வரை வந்து, "இன்னாமே, ஒரு வாய் குடிச்சா உன் சிவன் கோச்சுக்குவாரா?" என்பார். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு விரட்டுவேன். வாராவாரம் இதே சண்டை, இதே சிரிப்பு.

இப்போதும் அப்படித்தான் வாரம் தொடங்குகிறது ரெஜினா. திங்கட்கிழமை விடிகிற நேரத்தில் பின்பக்கத்திலிருந்து மிளகும் எலும்பும் கொதிக்கிற வாசனை வருகிறது. போய்ப் பார்த்தால் அடுப்பில் சட்டி இல்லை, தொட்டால் சில்லென்று இருக்கிறது. பூனைகள் மட்டும் வரிசையில் உட்கார்ந்து, ஓர் ஆள் உயரத்துக்கு அண்ணாந்து பார்க்கின்றன. மேனேஜர் எழுந்து போய் எதன்மேலோ உரசுகிறது. அங்கே ஒன்றும் இல்லை. அப்புறம் அதன் தலை மெதுவாகக் கீழே அழுந்துகிறது, காது இரண்டும் பின்னால் மடிகின்றன. யாராவது தடவிக்கொடுத்தால்தானே பூனை அப்படிச் செய்யும்?

பிரமை என்று சொல்லாதே. பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவே இன்று கேட்டுவிட்டாள்: "இன்னாக்கா, விரதம்னு சொல்லிகினு கீற, உன் வூட்லேர்ந்து சூப்பு வாசன தூக்குது!"

பயமே இல்லை. அந்த ஒரு விடியற்காலைக்காகத்தான் மற்ற ஆறு நாளும் எழுந்து, சிற்பக் கடையில் போய் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் இருக்கிற வீட்டை விட்டுவிட்டு நான் எங்கே வருவது, நீயே சொல்.

உன் அண்ணி,
வரலட்சுமி


செங்கல்பட்டு,
15-6-2024

அன்புள்ள அண்ணிக்கு, ஸ்தோத்திரம்.

கிளினிக்கில் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, பல் பிடுங்க வந்தவரையும் கிளீன் பண்ண வந்தவரையும் மாற்றி உள்ளே அனுப்பி, டாக்டரிடம் திட்டு வாங்கினேன். சிரிப்பு வரவில்லை அண்ணி.

ஜெபக்குமார் அண்ணன் கர்த்தருக்குள் நித்திரை அடைந்துவிட்டார். அவர் எழுந்து வந்து எலும்பு வேகவைக்க மாட்டார். அவர் மாதிரி எதுவோ வருகிறது என்றால் அதை நீங்கள் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. எங்கள் பாஸ்டரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். வந்து ஜெபம் செய்து தருகிறேன் என்றார். எப்போது அழைத்து வரட்டும்? அந்தப் பூனைகளையும் முதலில் விரட்டுங்கள். எனக்குப் பூனை என்றாலே ஆகாது.

அந்த சூப் எங்கள் அம்மா வைக்கிறது, தெரியுமா? திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போக இரண்டு பேரும் அழுவோம் என்று காலையிலேயே வைத்துத் தருவாள். ஒரே டம்ளரில் நானும் அண்ணனும் மாற்றி மாற்றிக் குடிப்போம். கடைசி வாய் எப்போதும் எனக்குத்தான்.

சர்ச்சில் கல்யாணம் செய்யாமல் ரெஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டார் என்று பதினாறு வருஷம் அவரோடு பேசவில்லை. அது சரியா தப்பா என்று இப்போது கேட்காதீர்கள். ஆனால் அவர் வருவது நிஜமென்றால், உங்களிடம் மட்டும் ஏன் வர வேண்டும்? கூடப் பிறந்தவள் நான் இல்லையா? இந்த வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

உங்களுக்காக ஜெபிக்கிற,
ரெஜினா


கோவளம்,
18-6-2024

அன்புள்ள ரெஜினாவுக்கு,

உன் ஸ்தோத்திரத்துக்கு என் வணக்கம்.

பாஸ்டர் நல்ல மனிதராக இருக்கலாம். வந்தால் காபி போட்டுக் கொடுக்கிறேன். ஆனால் என் வீட்டுக்காரரை விரட்டுவதற்கு நான் கதவைத் திறந்துவிட மாட்டேன். கல்யாணத்துக்கு நீங்கள் யாரும் வரவில்லை. இப்போது பிரித்துவைக்க மட்டும் வருகிறீர்களா? நன்றாயிருக்கிறது நியாயம்.

நீ மட்டும் வா. மாசக் கடைசி ஞாயிறு சாயங்காலம் கிளம்பு. கேளம்பாக்கம் வந்து கோவளம் பஸ் ஏறு. நான் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். வரும்போது நெஞ்செலும்பு வாங்கிக்கொண்டு வா. எனக்கு அந்த சூப் வைக்கத் தெரியாது. அவ்வளவு ஏன், அதன் ருசிகூடத் தெரியாது. பதினாறு வருஷமும் அவர் நீட்டினார், நான் விரதம் என்றேன். நீ வைத்தால் ஒரு தடவையாவது நிஜமான சட்டியிலிருந்து அவருக்கு வாசனை போகட்டும்.

திங்கட்கிழமை காலையில் என்ன நடக்கிறதென்று நீயே பார். பார்த்த பிறகும் பேய் என்று சொல்ல உனக்கு மனசு வந்தால் சொல்லிக்கொள். பூனைகளைப் பற்றிக் கவலைப்படாதே, அவைகளுக்கும் உன்னைப் பிடிக்காது.

உன் அண்ணி,
வரலட்சுமி


செங்கல்பட்டு,
9-7-2024

அன்புள்ள அண்ணிக்கு, ஸ்தோத்திரம்.

ஊர் வந்து ஒரு வாரம் ஆகியும் எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். எழுத உட்கார்ந்தால் அந்தக் காலை நேரம்தான் கண்ணில் நிற்கிறது.

அடக்கத்துக்கு வந்தபோது கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன். இந்தத் தடவைதான் அண்ணன் வீட்டுப் படியேறினேன். அவர் சட்டை இன்னும் ஆணியில் தொங்குவதைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது. உங்களிடம் அன்று சொல்லவில்லை, நீங்கள் குளிக்கப் போயிருந்தபோது, நான் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னாலேயே வாசனை வந்துவிட்டது. அம்மா வைக்கிற அதே வாசனை, கொஞ்சம் கூடுதலாகத் தட்டிப்போட்ட மிளகு. பூனைகள் எனக்குப் பின்னால் யாரையோ பார்த்தன. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நான் டம்ளரை நீட்டினேன், நீங்கள் "விரதம்டீ" என்று சிரித்தீர்கள். உடனே அழுதுவிட்டீர்கள். நான் தனியாக இரண்டு டம்ளர் குடித்தேன். கடைசி வாயை மட்டும் டம்ளரிலேயே விட்டுவிட்டேன். அந்தத் தொப்பைப் பூனை என் காலின்மேல் வந்து படுத்தது. நான் தள்ளவில்லை.

பாஸ்டரிடம் எதுவும் சொல்லவில்லை, இனிமேல் சொல்லவும் போவதில்லை.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். பூனைக்குப் பால் ஒத்துக்கொள்ளுமா? தண்ணீர் கலந்து வைக்க வேண்டுமா? நேற்றிலிருந்து ஒரு கறுப்புப் பூனை என் மாடிப்படியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பாவமாக இருக்கிறது. அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

அன்புடன்,
ரெஜினா


கோவளம்,
16-7-2024

ரெஜினா,

பூனையும் பாலும் இருக்கட்டும். அவர் வரவில்லை.

எட்டாம் தேதி திங்கட்கிழமை வரவில்லை. உடம்பு அசதியில் நான்தான் தூங்கிவிட்டேனோ என்று நினைத்தேன். நேற்று மூன்று மணியிலிருந்தே பின்பக்கம் போய் உட்கார்ந்திருந்தேன். கடல் காற்றுதான் வந்தது. விடிந்து பால்காரர் மணி அடித்துவிட்டுப் போனார். சுந்தரியும் பிஸ்கட்டும் சாக்குமேல் சுருண்டு கிடந்தன. மேனேஜர் கூரையைவிட்டு இறங்கக்கூட இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? மேனேஜரைத் தூக்கிக்கொண்டு வந்து அடுப்புக்கு முன்னால் வைத்து, "பாரு, நல்லாப் பாரு" என்றேன். அது என்னைப் பார்த்தது. கன்னியம்மா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இன்னாக்கா, யார்கிட்ட பேசிகினு கீற?" என்று கேட்டாள். மேனேஜரைக் கீழே விட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

நேராகவே கேட்கிறேன். நான் குளிக்கப் போன நேரத்தில் என் வீட்டில் ஜெபம் செய்தாயா? சத்தியமாகச் சொல். செய்திருந்தால் உன்னை மன்னிக்கவே மாட்டேன். ஒரு வருஷமாக அந்த ஒரு நாளில்தான் உயிரோடு இருந்தேன். அதையும் எடுத்துவிட்டாயா?

இன்னொன்றும் உறுத்துகிறது. பூனையைக் கண்டால் ஆகாதவள் பால் வைக்கக் கேட்கிறாய். வேறொன்றும் இல்லை என்று வேறு எழுதுகிறாய். உன் அண்ணனும் பொய் சொல்லும்போது இப்படித்தான் கடைசியில் 'வேறொன்றும் இல்லை' என்பார். மறைக்காமல் எழுது.

வரலட்சுமி


செங்கல்பட்டு,
20-7-2024

அண்ணி,

ஜெபம் செய்யவில்லை. பைபிள்மேல் கை வைத்துச் சொல்கிறேன். ஆனால் எடுத்தது நான்தான்.

அண்ணன் இங்கே இருக்கிறார்.

எட்டாம் தேதி விடியற்காலையில் வாசனையில்தான் விழித்தேன். என் அடுப்பு அணைந்திருந்தது. கதவுக்குப் பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாடிப்படியில் அந்தக் கறுப்புப் பூனை உட்கார்ந்து, என் கதவுக்கு முன்னால் ஓர் ஆள் உயரத்துக்கு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதன் தலை கீழே அழுந்தியது. நீங்கள் எழுதியது போலவேதான்.

அவர் உள்ளே வருவதில்லை அண்ணி. வெளியிலேயே நிற்கிறார். பதினைந்தாம் தேதியும் வந்து நின்றார். கீழ்வீட்டுத் தமிழ்ச்செல்வி, "ரெஜினாம்மா, காலைல உன் வாசல்ல ஒரு ஆளு இருமிகினு நின்னாரே, கதவ தொறக்க மாட்டியா?" என்று கேட்கிறாள். அவளுக்கு இருமல் கேட்டிருக்கிறது. எனக்கும் கேட்டது. அண்ணன் தொண்டையைச் செருமுகிற சத்தம் எனக்குத் தெரியாதா?

கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். 'அண்ணா' என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும். வாயைத் திறக்கிறேன், வரமாட்டேன் என்கிறது. வெயில் ஏறியதும் வாசனை போய்விடுகிறது. அதற்கப்புறம் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அழுகிறேன்.

உங்களிடம் திருப்பி அனுப்ப எனக்கு வழி தெரியவில்லை. தெரிந்தாலும் அனுப்ப மனசு வரவில்லை. இதைச் சொல்லத்தான் பயந்தேன். திட்டுங்கள், ஆனால் ஒரு வழி சொல்லுங்கள்.

ரெஜினா


கோவளம்,
6-8-2024, செவ்வாய்

ரெஜினாவுக்கு,

உனக்கு இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். ஒன்றில் உன்னைத் திருடி என்று எழுதியிருந்தேன். இன்னொன்றில் அதைவிட மோசமாக. முந்தாநாள் ஆடி அமாவாசை. கடற்கரை முழுக்கத் தர்ப்பணம் கொடுக்கிற கூட்டம். அவர்களுக்கெல்லாம் தங்கள் செத்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிகிறது. நான் மணலில் உட்கார்ந்து உன்மேல் பொருமிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. செத்த பிறகு அவர் ஒரு திங்கட்கிழமைகூட என் பக்கம் டம்ளரை நீட்டவில்லை. வாசற்படிக்கு வரவும் இல்லை. அடுப்புப் பக்கத்திலேயே நின்றார். என்னிடம் வந்தவராக இருந்தால் ஒரு தடவையாவது வம்புக்கு இழுக்காமல் இருந்திருப்பாரா? எங்களுக்குள் பாக்கி எதுவும் இல்லை ரெஜினா. சண்டை, சிரிப்பு எல்லாம் வாழ்ந்து முடித்துவிட்டோம். கடைசி நாள் ஆஸ்பத்திரியில்கூட என்னைக் கிண்டல் செய்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு உங்கள் சர்ச்சுக்கு வருவார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, நீ திரும்புவதற்குள் எழுந்து பஸ் ஏறிவிடுவார். வீட்டுக்கு வந்து, "ரெஜி கண்ணாடி மாத்திகினா", "ரெஜி எளச்சிட்டா" என்று என்னிடம் செய்தி சொல்வார். போய்ப் பேசுங்களேன் என்றால், "அவ கூப்புடட்டும், போறேன்" என்பார். அண்ணனும் தங்கச்சியும் ஒரே அழுத்தம்.

அவர் இங்கே நின்றது உனக்காகத்தான். நீ படியேறி வருகிறவரை என் வீட்டில் நின்றார், அவ்வளவுதான். இதை எழுத எனக்கு எவ்வளவு வலிக்கிறதென்று உனக்குப் புரியாது.

அதனால் கூப்பிடு. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு 'அண்ணா, உள்ளே வா' என்று சொல். முட்டி வலிக்காரரை இன்னும் எத்தனை நாள் படியில் நிறுத்தி வைப்பாய்? பேச வேண்டியதைப் பேசு. பேசி முடித்தால் அவர் போய்விடுவார் என்றுதான் தோன்றுகிறது. இங்கே திரும்பி வரமாட்டார். நான் பின்பக்கம் போய் உட்காருவதை நிறுத்திவிட்டேன்.

செவ்வாய் முதல் ஞாயிறு வரை எழுது, வா, சாப்பிடு, சண்டை போடு. நான் உன் அண்ணிதான், அதில் மாற்றமில்லை. திங்கட்கிழமை உன் வீட்டில் என்ன நடந்தது, அவர் என்ன சொன்னார் என்று மட்டும் என்றைக்கும் எனக்கு எழுதாதே. என்னால் தாங்க முடியாது.

வரலட்சுமி