சுண்டுவுக்கு ஏழு வயது

ஜூன் 4

சுண்டு அப்பாவுக்கு,

போனில் பேசினால் இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். லிஃப்ட் கம்பெனியில் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனீர்களே, அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? இந்த மாதச் சிறுவர் பத்திரிகையை அனுப்பியிருக்கிறேன். என் படக்கதையில் நம் சுண்டு மழையில் நாய்க்குட்டிக்குக் குடை பிடிக்கிறாள். பார்த்துவிட்டு ஒரு வரி எழுதினால் குறைந்தா போய்விடுவீர்கள்?

உங்கள் வீட்டுக்காரி

ஜூன் 15

சுண்டு அம்மாவுக்கு,

பார்த்தேன். அவளுக்கு நாய் என்றாலே ஆகாது. தெருமுனையில் ஒன்று நின்றால் போதும், என் தோளில் ஏறிக்கொண்டு, "அப்பா, அது போற வரைக்கும் நாம மரம், அசையக் கூடாது" என்பாள். காய்ச்சல் அவளைக் கொண்டுபோய் இரண்டு வருடம் ஆகிறது. நீ, நிஜமாக இருந்த பிள்ளையை விட்டுவிட்டு, இல்லாத ஒருத்தியை ஊருக்கெல்லாம் காட்டுகிறாய். எனக்குப் பொறுக்கவில்லை. நிறுத்திவிடு. மாட்டேன் என்றால், இனி எனக்குப் பத்திரிகையும் வேண்டாம், கடிதமும் வேண்டாம்.

உன் கணவன்

ஜூன் 22

சுண்டு அப்பாவுக்கு,

நாய் பயம் எனக்குத் தெரியாதா? மரமாக நின்ற கதையை முதல் வருடமே வரைந்துவிட்டேன், நீங்கள்தான் பார்க்கவில்லை. சோப்பு நுரையில் தாடி வைத்தது, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு அடம்பிடித்தது, எல்லாம் வரைந்தாயிற்று. தீர்ந்துவிட்டதுங்க. ஐந்து வயதுப் பிள்ளை எவ்வளவுதான் விட்டுவிட்டுப் போயிருக்கும்? பழையதையே வரைந்தால் சுவரில் மாட்டிய போட்டோ மாதிரி நிற்கிறாள். புதிதாக ஒன்று செய்யவிட்டால்தான் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள்.

குடை பிடிக்கிற கை நடுங்குவதைக் கவனித்தீர்களா? பயந்துகொண்டேதான் பிடிக்கிறாள். ஏழு வயதில் அந்த அளவு தைரியம் வந்திருக்கும் என்று தோன்றியது. நிறுத்த மாட்டேன். கோபித்துக்கொள்வதென்றால் கோபித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

ஆகஸ்ட் 9

சுண்டு அம்மாவுக்கு,

இந்த மாத இதழை நானே கடையில் வாங்கினேன். "நாள் பூரா ஏறி இறங்குதே, லிஃப்ட்டுக்குக் கால் வலிக்காதா?" என்று கேட்கிறாள். கேட்டது நீதான் என்று எனக்குத் தெரியும். வீம்புக்குப் பத்திரிகையை மூடி வைத்துவிட்டேன்.

இன்று ஒரு ஆஸ்பத்திரியில் லிஃப்ட்டுக்கு அடியில் குழிக்குள் இறங்கி கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தேன். "வலிக்கும்டா கண்ணு, அதான் அப்பா எண்ணெய் தேச்சு விடுறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கூட வேலை செய்கிறவர் மேலிருந்து எட்டிப் பார்த்து, "யாருகிட்டப்பா பேசுற?" என்றார்.

"என் பொண்ணுகிட்ட" என்றேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

எண்ணெய் தேய்த்து விடுகிறேன் என்றதற்கு அவள் என்ன சொன்னாள்? எனக்கு எவ்வளவு யோசித்தும் வரவில்லை, உனக்குத்தான் வரும். அடுத்த இதழ் வரைக்கும் என்னால் பொறுக்க முடியாது. சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். பென்சிலைச் சீவி வை.

சுண்டு அப்பா