காலால் ஆடும் பெட்டி

செப்டம்பர் 8, 2025

லாரன்ஸ் புதுப் பெட்டி இறக்கிவிட்டான். காரியாபட்டி பஸ் நிறுத்தத்தில் தட்டி கட்டியிருக்கிறான்: ‘டிவியில் மாட்டுங்கள், ஆயிரத்தொரு ஆட்டம் ஆடுங்கள்!’ போன தீபாவளிக்கு ஐந்நூறு. அடுத்த தீபாவளிக்கு இரண்டாயிரம் என்பான். சோறு அதேதான், தட்டைத்தான் பெரிதாக்கிக்கொண்டே போகிறான்.

கல்லூரியில் என்னோடு சேர்ந்து முதல் வீடியோ கேம் பெட்டியைச் செய்தவன். ஆட்டங்களைக் கூட்டுவோம் என்றான். ஆடும் விதத்தையே மாற்றுவோம் என்றேன் நான். அதோடு பிரிந்தோம். அவன் காரியாபட்டியில் செய்கிறான், நான் அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில்.

இந்தத் தீபாவளிக்கு ராமசுப்பு அண்ணாச்சி கடையின் முன்தட்டில் என் பெட்டிதான் நிற்க வேண்டும். இங்கே, திருச்சுழியில், நரிக்குடியில், மூன்று ஊரிலும் அவருக்குக் கடை உண்டு, டிவி வாங்க அங்கேதான் போவார்கள். ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரே ஒரு கேம் பெட்டிக்குத்தான் அந்த இடம். மற்றதெல்லாம் பின்னால் இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் தூசி தின்னும். போன வருடம் தின்றது என்னுடையது. ஒரு தடவை போதும்.

செப்டம்பர் 10

பக்கத்து வீட்டு ராஜேஸ்வரி அக்கா தங்கள் புரோட்டாக் கடைக்குத் தினமும் ஒரு கூடை வெங்காயம் உரிப்பார். உரிப்பது எங்கள் வீட்டு டிவி முன்னால். இன்றைக்கு, “ஒரு ஆட்டம் ஆடுங்கக்கா” என்று பெட்டியை நீட்டினேன்.

“ரெண்டு கையும் வெங்காயத்துல கெடக்கு. கால்ல ஆடச் சொல்லு, ஆடுறேன்.”

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கால்! இவ்வளவு நாளாக எல்லாரும் கையையே பார்த்துக்கொண்டிருந்தோமே!

செப்டம்பர் 19

வேலை செய்கிறது! ரப்பர் பாய், அதில் நான்கு கட்டம், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு சுவிட்சு. நாற்காலியில் உட்கார்ந்தபடி மிதிக்கலாம். கட்டங்களில் சாக்பீஸால் எண் எழுதியிருந்தேன். திரையில் எது வருகிறதோ அந்தக் கட்டத்தை மிதிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். ராஜேஸ்வரி அக்கா வெங்காயமும் உரித்தார், ஆட்டமும் ஆடினார்.

நான் கெட்டிக்காரி. இதை நானே எழுதிவைத்துக்கொள்கிறேன்; வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

செப்டம்பர் 27

பாய் அச்சாகி வந்துவிட்டது. வெறும் எண் எதற்கு என்று கட்டத்துக்கு ஒரு படம் போடச் சொல்லியிருந்தேன். நெற்கதிர், குத்துவிளக்கு, மல்லிகைப்பூ, புத்தகம். என்ன அழகு! நாளைக்கு அண்ணாச்சி கடையில் சோதனை. லாரன்ஸின் பெட்டியும் என்னுடையதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எதை ஜனங்கள் விடாமல் ஆடுகிறார்களோ அதற்குத்தான் முன்தட்டு. பாவம் லாரன்ஸ்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஒருத்தர் மிதிக்கவில்லை. ஒருத்தர்கூட.

எம்.ரெட்டியபட்டியிலிருந்து வந்த ஒரு அம்மா ஆசையாக உட்கார்ந்தார், செருப்பைக் கழற்றினார், காலைத் தூக்கினார். தூக்கிய கால் இறங்கவே இல்லை.

“வெளக்கையாம்மா மிதிக்கச் சொல்லுத? நெல்ல வேற போட்டு வச்சிருக்க!”

அவருடைய மகள் தெரியாமல் புத்தகப் படத்தில் கால் வைத்துவிட்டாள். உடனே குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கடைசியில் அண்ணாச்சியே வந்து பாயைப் பதவிசாகச் சுருட்டி மேசைமேல் வைத்தார். “கீழ போடாதம்மா, மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு” என்றார்.

நானும் இந்த ஊரில்தானே பிறந்தேன்? பேப்பரில் கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுகிறவள்தானே? எப்படித் தோணாமப் போச்சு எனக்கு? அழகா இருக்கு அழகா இருக்குன்னு நானே பார்த்துப் பார்த்து— சே. லாரன்ஸ் சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தால் திட்டவாவது செய்திருப்பேன்.

தப்பித்தது அண்ணாச்சியால்தான். லாரன்ஸிடம், “ஒம் பெட்டியிலயும் பயலுக ஆட்டத்த மாத்தி மாத்திப் பாத்தானுகளே ஒழிய, ஒண்ணையும் ஆடல” என்றார். அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் மறுபடி வரவேண்டுமாம்.

செப்டம்பர் 29

எழுதப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 30

காலையில் அம்மா இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு கொல்லையில் நடந்து வந்தாள். கால் பக்கத்தில் ஒரு பூரான். அம்மா நிற்கவில்லை, வாளியை இறக்கவில்லை. செருப்புக் காலால் ஒரே மிதி! தண்ணீர் ஒரு சொட்டு சிந்தவில்லை. “நாசமாப் போறது” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன்.

“ஏன்டி, பூரான மிதிச்சதுக்கா இம்புட்டுக் கொஞ்சல்?”

அதற்குத்தான்! மிதிக்கக் கூடாததைப் போட்டுவிட்டு மிதிக்கச் சொன்னால் எப்படி? பூரான், தேள், கரப்பான், நட்டுவாக்காலி. இன்றைக்கே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

முன்தட்டு எனக்கு!

ராஜேஸ்வரி அக்காவைக் கூடையோடு கடைக்குக் கூட்டிப்போனேன். வெங்காயம் உரிக்க உரிக்க, “வந்துட்டியா சனியனே” என்று தேளை மிதித்தார். கூட்டம் கூடிவிட்டது. போன வாரம் மிதிக்காத ஊரா இது? ஒருவர் எழுந்திருக்கும் முன்பே அடுத்தவர் நாற்காலியைப் பிடித்தார். அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து வந்து நட்டுவாக்காலியை மிதித்தார்; அப்படி ஒரு காட்சியை அருப்புக்கோட்டை இதுவரை கண்டதில்லை.

லாரன்ஸும் ஆடினான். ஆடிவிட்டுப் பாயைத் திருப்பி அடிப்பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தான்.

“நல்லா இருக்கு ரோஷினி.”

“தெரியும்” என்றேன்.

அக்டோபர் 18

திருச்சுழிக் கடையில் தீர்ந்துவிட்டது. நரிக்குடிக்கு இன்னொரு லோடு அனுப்பினேன்.

ஜனவரி 4, 2026, ஞாயிறு

திருட்டுப்பய. திருட்டுப்பய. திருட்டுப்பய.

பொங்கலுக்கான சோதனை இன்று. பூரானுக்குப் புது நிறம் கொடுத்து, அதே பெட்டியைக் கொண்டுபோனேன். லாரன்ஸ் ஆயிரத்தொரு ஆட்டத்தையும் தூக்கி எறிந்துவிட்டு, ஒரே ஒரு ஆட்டத்தோடு வந்திருக்கிறான். அதுவும் மிதிக்கிற ஆட்டம்! ஆனால் ஒரே பெட்டியில் இரண்டு பாய். எதிரெதிரே இரண்டு பேர். ஒருவர் மிதிக்கத் தவறிய தேள் மற்றவர் பக்கம் ஓடும்.

“ஏலே, பாயி நான் கண்டுபிடிச்சது!” கடை நடுவிலேயே கத்திவிட்டேன்.

“ஆமா. மொதப் பாயி நீ கண்டுபிடிச்சது. ரெண்டாவது பாயி நான் கண்டுபிடிச்சது. ஒம் பெட்டிய வாங்கிட்டுப் போனேன், எங்கம்மாவும் அண்ணியும் ஒத்தப் பாயிக்கு அடிச்சுக்கிட்டாக. அப்பத்தான் தோணுச்சு.”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் இரண்டு நாத்தனார்கள் அவன் பாய்களில் உட்கார்ந்து ஒருவர் பக்கம் ஒருவர் தேளைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். கடையே அதிர்ந்தது. என் பாயில் யாரும் இல்லை. பொங்கலுக்கு முன்தட்டு அவனுக்கு.

கிளம்பும்போது, “அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குப் பாரு” என்றேன்.

“பாக்கத்தானே போறேன்” என்றான். அவன் சொன்னதில் நக்கல் இல்லை. நிஜமாகவே பார்க்கக் காத்திருக்கிறான். அதுதான் எரிச்சல். கொஞ்சம் சந்தோஷமும்.

ஜனவரி 6

பிரித்துப் பார்க்க லாரன்ஸின் பெட்டி ஒன்று வாங்கி வந்தேன். மாடிக்குப் போய் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு இறங்குவதற்குள் அம்மாவும் ராஜேஸ்வரி அக்காவும் டிவியில் மாட்டிவிட்டார்கள்.

“அம்மா, அதப் பிரிக்கணும். குடு.”

“பொறுடி! இவ எம் பக்கமாத் தேள வெரட்டுறா!”

ஜனவரி 9

பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. இன்றும் அம்மாவிடம் தோற்றேன்.