காலிங்பெல் ஒட்டியிருந்த சுவர்

அன்புள்ள ஜுனைதா சித்திக்கு, தௌபீக்கின் ஸலாம். மூட்டுவலி தேவலையா? உத்திரமேரூரில் மழை உண்டா? நான் நலம்.

இங்கே ஷார்ஜாவில், இடித்த வீடுகளின் சுவர்களைக் கிரஷரில் உடைத்து கான்கிரீட் ஜல்லி ஆக்குகிறோம். நேற்று வந்த ஒரு சுவர்த்துண்டில் காலிங்பெல் சுவிட்ச் ஒட்டியிருந்தது. சாலவாக்கத்து மாசிலாமணி அண்ணன் அதை அமுக்கி, “உள்ள யாருனா கீறீங்களா?” என்றார். எல்லோரும் சிரித்தோம்.

துண்டு கிரஷருக்குள் விழுந்ததும் எனக்கு மணிச்சத்தம் கேட்டது. அண்ணன் என்னைப் பார்த்தார்.

“உனுக்கும் கேட்டுச்சா தௌபீக்கு?”

தலையாட்டினேன். அதன்பிறகு அவர் சிரிக்கவே இல்லை. இன்று அந்த ஜல்லி ஒரு புது வீட்டின் தளத்துக்குப் போய்விட்டது.

கவலைப்படாதீர்கள், இயந்திர இரைச்சலாக இருக்கும். “நாஷ்டா துன்ன வாடா” என்று நீங்கள் கூப்பிடுவதைப் போனில் பதிந்து அனுப்புங்கள். வேலை நேரத்தில் இயர்போனில் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வேன் வந்துவிட்டது.

தௌபீக்