கறுப்பு மட்டும் வேண்டாம்

ஜனவரி 17, 1959. சனி.

மழை விட்டும் வானம் தெளியவில்லை. பள்ளி அரை நாள். விடைத்தாள் முப்பத்தொன்று பாக்கி. குடைக் கம்பி ஒன்று முறிந்தது, ரிப்பேருக்கு.

நாய்க்குட்டி விஷயம். நிறம் பற்றி வீட்டில் வந்த அபிப்பிராயங்கள்:

தம்பி: மஞ்சள். "வெளிர் மஞ்சள், அக்கா. அரைச்ச சந்தனம் மாதிரி."

கோமதி (தம்பி மனைவி): மஞ்சள். கறுப்பானால் வாசற்படி தாண்டக் கூடாதாம்.

பால்காரி: "எந்தக் கலரா இருந்தா இன்னாம்மா, கொரைக்கிறது ஒண்ணாதான கொரைக்கும்."

நான்: எதுவும் வேண்டாம். வாங்கியே தீர வேண்டுமென்றால், கறுப்பு மட்டும் வேண்டாம்.

மசி, என் பழைய நாய், கறுப்பு. ஐம்பத்து நான்கில் ஒரு பிரெஞ்சு டாக்டர் குடும்பம் கப்பலேறும்போது என்னிடம் விட்டுப்போன லாப்ரடார். அப்போது அதற்கு ஒரு வயது. ஐம்பத்தேழில், நான் ஆபரேஷனுக்காக மதராஸில் இரண்டு மாதம் கிடந்தபோது, செத்துப்போயிற்று. தம்பி கடிதம் எழுதினான். நான்கு வரி. கிணற்றடி மாதுளைக்குக் கீழே புதைத்தாயிற்று என்று. திரும்பி வந்ததும் அங்கே ஒரு கல் வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

அன்றிலிருந்துதான் ச. (சத்தம்.) மாலை நான்கு பத்து. பள்ளியிலிருந்து வந்து நான் செருப்பை விடும் நேரம். மாடிப்படியில் நகம் படும் ஒலி, மேலிருந்து கீழே, பதினான்கு படியும். பள்ளி இல்லாத நாளிலும் உண்டு. வெயில் தாழும்போது மரப்படி சுருங்குகிறது என்று விளக்கம் எழுதி வைத்திருக்கிறேன். மரம் வரிசையாகப் பதினான்கு தடவை சுருங்குமா என்று எழுதவில்லை.

சத்தம் கேட்கிறது என்று மட்டும் தம்பியிடம் ஒரு தடவை சொன்னேன். "நரம்பு, அக்கா. உடம்பு தளர்ந்தா அப்படித்தான்." ஒரு குட்டி வந்தால் சரியாகுமாம். ஆகாவிட்டால் மே மாதம் மதராஸில் நரம்பு டாக்டர். பயமாக இருக்கிறது. டாக்டரிடம் அல்ல. என் காதையே நான் நம்ப முடியாதென்றால் பிறகு மீதி எதை வைத்துக்கொண்டு வகுப்பில் நிற்பது?

இன்று ச. ஒன்று.

ஜன. 18. ஞாயிறு.

குளிர் காற்று. தம்பி ஏழு மணிக்கே சைக்கிளில் சீட்டாடப் போய்விட்டான், எல்லா ஞாயிறும் போல. நான் ரிக்‌ஷாவில் முதலியார்பேட்டைப் பக்கம், முசே அந்துவான் வீட்டுக்கு. சைகோனில் சுங்க வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவர். நாற்பத்தெட்டு வயதான என்னை மத்மொசேல், அதாவது குமாரி, என்று அழைக்கும் ஒரே மனிதர்.

"வாங்க மத்மொசேல். ஆறு குட்டி, ஏழு வாரம். ஆறும் தங்கம். பாருங்க காகிதம்." முத்திரை குத்திய வம்சாவளித் தாள். தாய் மஞ்சள், தகப்பன் மஞ்சள், மூன்று தலைமுறையும் மஞ்சள். பொன் நிறம் நாலு, பால் நிறம் இரண்டு. பால் நிறத்துக்குத்தான் கிராக்கியாம். வெயிலில் அழுக்கு தெரியும் என்றேன். சிரித்தார்.

அடுப்படியில் ஏதோ முனகியது. கேட்காத மாதிரி காகிதத்தைத் தட்டினார். நான் எழுந்து போய்ப் பார்த்தேன். மேஜைக்கடியில் கூடை. மூடியைத் தூக்கினால் ஏழாவது. கறுப்பு.

"அது கணக்குல இல்ல மத்மொசேல். சினையா இருக்கையில தாய் கிரகணத்தைப் பாத்துட்டுது. தோட்டக்காரனைக் கொண்டுபோய் எங்கயாவது விடச் சொல்லியிருக்கேன்."

மஞ்சளும் மஞ்சளும் சேர்ந்தால் மஞ்சள்தான். கறுப்பு ஓங்கு பண்பு. பெற்றோரில் ஒன்றாவது கறுப்பாக இல்லாமல் கறுப்புக் குட்டி இல்லை. இருபது வருடமாகப் பட்டாணிச் செடியை வைத்துக் கரும்பலகையில் நான் போடும் அதே கட்டம். அவரிடம் சொல்லவில்லை. கையில் எடுத்துப் பார்த்தேன். அடிபெருத்த வால். விரலிடுக்கில் தோல். தெருநாய் கலப்பு மாதிரி இல்லை. மார்பில், நடுவிலிருந்து சற்று இடதுபுறம், புளியங்கொட்டை அளவு வெள்ளை.

இந்த ஊரில் நான் அறிந்த கறுப்பு லாப்ரடார் ஒன்றுதான். அதற்கும் அதே இடத்தில் வெள்ளை.

வெள்ளைப் புள்ளி நூறு நாய்க்கு இருக்கும். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

நண்பகல் தம்பி வந்தான். கூடத்தில் என்னைக் கடந்து போகும்போது ஈர நாயின் வாசனை. ஞாயிறுதோறும் வீட்டில் இந்த வாசனை வருகிறது. இதையும் நரம்புக் கணக்கில்தான் சேர்த்து வைத்திருந்தேன்.

கணக்கு: பிறந்து ஏழு வாரம், சினை ஒன்பது வாரம். செப்டம்பர் கடைசி. இரண்டு வருடத்துக்கு முன் புதைத்த நாய், போன செப்டம்பரில் தகப்பன்.

எழுதிப் பார்க்கும்போது எனக்கே நான் நரம்பு நோயாளி மாதிரிதான் படுகிறது.

ச. ஒன்று.

ஜன. 20. செவ்வாய்.

தலைவலி என்று பள்ளிக்கு லீவு. முதல் பொய். கோமதி குழந்தையுடன் அம்மா வீட்டில், தம்பி ஆபீசில். கல்லை நகர்த்திவிட்டு மண்வெட்டியால் தோண்டினேன். மேலே ஒரு சாண் கறுத்த தோட்ட மண். அதற்குக் கீழே செம்மண், அதற்கும் கீழே மணல். ஒன்றோடொன்று கலக்காத அடுக்குகள், புத்தகப் படம் மாதிரி. இடுப்பளவு வரை போனேன். எலும்பு இல்லை. இங்கே எவரும் என்றைக்கும் குழி வெட்டியதில்லை.

மூடினேன். கல்லைப் பழைய இடத்தில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை.

சாப்பிடும்போது தம்பி: "நகத்துல என்னக்கா மண்ணு?"

"ரோஜாவுக்கு எரு வச்சேன்."

"தலைவலின்னியே."

மோர் ஊற்றச் சொன்னான்.

ச. ஒன்று. உட்கார்ந்து கேட்டேன். புதைக்கப்படாத நாய்க்கு என் படிக்கட்டில் என்ன வேலை?

ஜன. 21. புதன்.

வெயில். குடை வந்தது, கைப்பிடி வேறு யாருடையதோ.

பள்ளி விட்டு மறுபடி முசே வீடு. அவர் இல்லை. தோட்டக்காரர் வீராசாமி இருந்தார். கூடைக் குட்டி எங்கே?

"இங்கதான் வச்சிருக்கேன். எங்க உட மனசு வருது? அவரு கிரகணம்ன்றாரு. அந்தக் கிரகணத்துக்கு நாலு காலு ஒரு வாலு இருந்துச்சும்மா. தோ, இந்தச் செவுத்து மேல ஏறிக் குதிச்சுது, என் கண்ணால பாத்தேன். சொன்னா ஐயாவுக்குக் காகிதம் கெட்டுப்பூடுமாம்."

"யார் வீட்டு நாய்?"

"தேங்காத்திட்டுல மீன்காரங்க நாய். தண்ணியில நல்லா நீந்தும்."

ஜன. 24. சனி.

மேகமில்லை. காலை ஒன்பதுக்குத் தேங்காய்த்திட்டு. உப்பங்கழிக் கரையில் மீன் கூறு போட்டிருந்தார்கள். என் வெள்ளைப் புடவையைப் பார்த்து ஒருத்தி: "சங்கராவா, கெழங்காவா? இந்தக் கூட்டத்துல நின்னா புடவையெல்லாம் செதிலாப் பூடும், சொல்லிட்டேன்."

கறுப்பு நாய் என்றேன்.

"கருப்பனா? அங்க பாரு."

கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் படகு. தண்ணீருக்கு மேலே ஒரு கறுப்புத் தலை. வாயில் கயிற்று முனையைக் கவ்விக்கொண்டு கரைக்கு வந்தது. கயிற்றைப் போட்டுவிட்டு உடம்பை உதறியது. உதறி முடித்துத் தலையைத் தூக்கியது.

முகத்தில் நரை. நான் கூப்பிடவில்லை. நேரே வந்தது. பழைய வழக்கம் போல என் உள்ளங்கைக்குள் முகவாயை வைத்தது. எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. பிறகு படகில் சீழ்க்கை அடித்தார்கள். என்னைப் பார்த்தது, படகைப் பார்த்தது. போய்விட்டது.

மீன்காரியின் பெயர் தனம். படகு அவள் புருஷனுடையது. சைக்கிளில் என் தம்பி இங்கே வருவானா என்று கேட்டதற்கு அவள் சொன்னது அப்படியே: "உங்க தம்பியா அந்த சைக்கிள் ஐயா? அவருதான் குடுத்தாரு. பொஞ்சாதிக்கு ரெண்டு வாட்டி தங்கலியாம், மூணாவது தரிச்சிருக்குது, வீட்ல கருப்பு நாய் ஆவாதுன்னு பொஞ்சாதியோட அம்மா அழுவுதுன்னாரு. வாரம் தப்பாம வர்றாரும்மா. கிட்டப் போய்த் தொட்டுப் பாப்பாரு. நெஞ்சுல கையி வப்பாரு. உடனே கெளம்பிடுவாரு. இன்னா வேண்டுதலோ."

அப்படியானால் வாசனை நிஜம். நரம்புக் கணக்கில் ஒன்றை அடித்துவிட்டேன்.

திரும்பும்போது முசே வீட்டில் கறுப்புக் குட்டியைக் கேட்டேன். காகிதம் இல்லாமல் எடுத்துப் போவேனா என்று இரண்டு தடவை கேட்டார்.

மாலை. தம்பி காபி குடித்துக்கொண்டிருந்தான். குட்டியைத் தரையில் விட்டேன்.

"மஞ்சள்னுதானே சொன்னோம்."

"தகப்பன் கறுப்பு."

குட்டியின் மார்பைப் பார்த்தான். டம்ளரைக் கீழே வைத்தான்.

"பாத்துட்டியா, அக்கா?"

"பாத்தேன்."

கோமதி கதவோரம், குழந்தை இடுப்பில். "என்னைத் திட்டுங்க அண்ணி. நான்தான் அனுப்பச் சொன்னேன். செத்துப்போச்சுன்னு எழுதச் சொல்லல." உள்ளே போய்விட்டாள். குழந்தை குட்டியைப் பார்த்துச் சிரித்தது.

தம்பி மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

ஜன. 25. ஞாயிறு.

சைக்கிளை வெளியே எடுத்தான், துடைத்தான், திரும்ப உள்ளே வைத்தான். போகவில்லை. குட்டி இரண்டு தடவை கூடத்தில் ஈரம். கோமதி முகம் சுளித்தாள், ஆனால் அவளே துடைத்தாள். விடைத்தாள் முடிந்தது.

நான்கு மணிக்குப் படிக்கட்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மசி உயிரோடு, மூன்று மைலுக்குள், தண்ணீரில். ஆகவே இன்று எதுவும் கேட்கக் கூடாது. கேட்டால் மே மாதம் மதராஸ் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தம்பி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தான்.

நான்கு பத்து. மேல்படியில் ஆரம்பித்தது. குட்டி என் காலடியில் தூங்கிக்கொண்டே இருந்தது, எழவில்லை. ஒலி இறங்கி வந்து தம்பியின் முதுகுக்குப் பின்னால் நின்றது.

"பதினாலு," என்றான் தம்பி, வாய்க்குள்.

எண்ணிக்கையை நான் அவனிடம் சொன்னதே இல்லை.

"எத்தனை நாளா?"

"அவனைக் கொண்டுபோய் விட்ட மறுநாள்லேர்ந்து. நீ மதராஸ்ல இருக்கும்போதே." தலையைத் தூக்கவில்லை. "செத்துட்டான்னு உனக்கு எழுதின கை, அக்கா. எழுதினது பலிச்சிடுச்சோன்னு ஒவ்வொரு ஞாயிறும் ஓடிப் போய் நெஞ்சைத் தொட்டுப் பாக்கறேன். அடிக்கும். வீட்டுக்கு வந்தா இது."

"எனக்கு நரம்புன்னியே."

"வேற என்னன்னு சொல்ல?"

ச. ஒன்று. கேட்டவர் இருவர்.