அவள் போடாத விளக்கு

ஆகஸ்ட் 3, சனி

இன்று என் வீட்டுக்குள் இருந்தவர்கள்: நான், பேத்தி மரிசெலா, அவள் அப்பனாகிய என் மகன் எவெலியோ, பக்கத்து வீட்டு எடெல்மிரா. ஜன்னலுக்கு வெளியே டிவியில் பேசுகிற ராமிரோ, அவன் கூலிக்குப் பிடித்த மூன்று கித்தார்க்காரர்கள், கேமராக்காரர்கள், அப்புறம் எங்கள் ஹோண்டா ஊரில் வேலைவெட்டி இல்லாத அத்தனை பேரும்.

என் காலத்தில் எனக்கு நாலு பேர் ஜன்னலடியில் வந்து பாடினார்கள். மூன்று பேருக்கு நான் விளக்கைப் போடவில்லை. கித்தாரைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டார்கள். நாலாமவனுக்குப் போட்டேன், கட்டிக்கொண்டேன். வெளிச்சம் வந்தால் சம்மதம். இதில் புரியாதது என்ன இருக்கிறது?

இந்த ராமிரோ பாடியது எது? மரிசெலாவின் பாட்டையே! "என் பேரும் புகழும் போயிட்டா என்னைத் தேடி யார் வருவா" என்று அவள் அழுது எழுதி, நாடு முழுக்க ஓடுகிற பாட்டு. அதை அவளிடமே பாடுகிறான், முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு. பசித்தவளுக்கு அவள் தட்டையே நீட்டி விருந்து என்கிற மாதிரி.

மரிசெலா இருட்டில் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "போடாதே பாட்டி. யாரும் போடாதீங்க."

ஆனாலும் விளக்கு எரிந்தது. தெருவே கைதட்டியது.

சுவிட்சில் இருந்தது எவெலியோவின் கை. "நல்ல இடம்மா, விடும்மா" என்கிறான். வெள்ளைச் சட்டை வேறு. காலையிலேயே இஸ்திரி போட்டுத் தரச் சொன்னான். போட்டுக் கொடுத்தேனே, மடச்சி!

ஆகஸ்ட் 4

நிச்சயமே ஆகிவிட்டதாம், டிவி சொல்கிறது. எடெல்மிரா வாழ்த்துச் சொல்லக் கோழி கொண்டுவந்தாள். "உன் கோழியே அவனைக் கட்டிக்கட்டும்" என்று திருப்பி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 6

ராமிரோ சாப்பிட வந்தான். கேமராவோடுதான். மரிசெலா அறையை விட்டு வரவில்லை. மறுத்தால் பாட்டு விழுந்துவிடும், பொறுத்துக்கொள் என்று பாட்டுக் கம்பெனிக்காரர்கள் அவளிடம் போனில் சொன்னார்களாம்.

"தம்பி, அவளுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டேன்.

"ரசிகர்களைப் பிடிக்கும் பாட்டி." கேமராவைப் பார்த்துச் சொன்னான்.

சூப்பை அவன் மடியில் ஊற்றினேன். கை நடுங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். என் கை நடுங்கினதே கிடையாது.

பிறகு அவள் அறைக்குப் போனேன். "அந்தப் பாட்டு பொய்யாடி?"

"இல்ல பாட்டி."

"அப்ப வாயைத் திற!"

ஆகஸ்ட் 17

ரேடியோவில் கேட்டேன். இபாகே நகர மேடையில் மரிசெலா பாட்டைப் பாதியில் நிறுத்தினாள். "அந்த விளக்கை நான் போடல. அந்த மனுஷன் எனக்கு வேண்டாம்." முதலில் ஒரே ஊளை. அப்புறம் எவளோ ஒருத்தி கத்தினாள்: "அப்படிச் சொல்லுடி!" அவள் நன்றாக இருக்கட்டும்.

செப்டம்பர் 2

ரேடியோவில் அவள் பாட்டை இப்போது அதிகம் போடுவதில்லை. வீட்டு வாசலில் கேமராவும் இல்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

மரிசெலா பேருந்தில் வந்தாள், தனியாக. யாராவது உண்டா என்று கேட்டேன். "இல்ல பாட்டி. அவசரமும் இல்ல" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலம்! பீன்ஸை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ராமிரோ இப்போது வேறொருத்தி ஜன்னலடியில் பாடுகிறானாம். பாடட்டும். அவன் யாரோ ஊரான் பிள்ளை.

அப்பனை மன்னித்துவிட்டேன் என்றாள். அவள் தோளில் சாய்ந்து அழுதான் அவன். அவள் மனசு அவளுக்கு. எனக்கு அவ்வளவு பெரிய மனசைக் கடவுள் கொடுக்கவில்லை. வேண்டாம் என்று பெற்ற மகள் சொன்னதைக் காதால் கேட்டுவிட்டுத்தானே செய்தான்? நாளை நான் சாகும்போது தலைமாட்டில் நின்று கதறினாலும் மன்னிக்க மாட்டேன், என் வயிற்றில் பிறந்த எவெலியோவை.