கேட்காத மணி

அன்புள்ள சித்ராவுக்கு,

நீயும் பாப்பாவும் சுகம்தானே? அம்மாவுக்கு முட்டுவலி குறைந்ததா? இலஞ்சிக் குமாரர் புண்ணியத்தில் நான் நன்றாக இருக்கிறேன். போனை எடுப்பதில்லை என்று கோபப்படாதே. வாட்ஸ்அப்பில் எழுதினால் பாப்பா வாசித்துவிடும். அதனால்தான் ஊருக்கு வரும் பரமசிவன் அண்ணாச்சியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். அவர் எங்கள் ஜிம்மில் சமைக்கிறவர், கடையத்துக்காரர்.

போன வாரச் சண்டையில் ஒரு வேடிக்கை. மூன்றாவது ரவுண்டு முடிந்து மணி அடித்த பிறகும் நான் குத்திக்கொண்டே இருந்தேனாம். ரெஃப்ரி வந்து கட்டிப்பிடித்து நிறுத்தினார். துபாயே சிரித்தது. அண்ணாச்சி என் முகத்துக்கு நேரே வந்து, "ஏலே, ஒனக்குக் காது கேக்குதா இல்லியாலே?" என்றார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு, சிரித்து மழுப்பிவிட்டேன்.

அங்கே சாரல் விழுகிறதா? எனக்கு ஐந்தருவி காதுக்குள்ளேயே விழுகிறது, இரவும் பகலும். வெளியே தெரிந்தால் சண்டை போடும் லைசென்ஸ் போய்விடும். அடுத்த மாதம் என்னைவிடக் கனமான ஒருவனோடு சண்டை. கோச் கத்துவதும் கேட்காமல் எப்படி நிற்பேன்? பயமாக இருக்கிறது சித்ரா. எனக்குக் குத்துச்சண்டை கற்றுக்கொடுத்த மேலகரம் கிங்ஸ்லி சாரைப் போய்ப் பார். இந்த ஜிம்மோடு போட்ட ஒப்பந்தத்திலிருந்து என்னை எப்படியாவது மீட்கச் சொல். காலில் விழுந்தாவது சொல். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

பாப்பாவை வெளிச்சத்தில் நிற்கவைத்து ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. 'அப்பா' என்று மெதுவாகச் சொல்லட்டும். உதடு தெரிந்தால் போதும்.

நிமிர்ந்து பார்த்தால் அண்ணாச்சி பெட்டியோடு வாசலில் நின்று கையை ஆட்டுகிறார். ரொம்ப நேரமாகக் கூப்பிட்டிருப்பார் போல.

உன்,
குற்றாலீஸ்வரன்